வருவது எங்கிருந்து, போவது எங்கே

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்காக மத்திய அரசு 2006 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் ‘படிவம் 1’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு தொழிற்சாலையோ குடியிருப்போ சுரங்கமோ வருவதற்கு முன், திட்டக்காரர் நிரப்பித் தர வேண்டிய படிவம் அது. அதன் மூன்றாம் பகுதி, திட்ட எல்லையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று வரிசையாகக் கேட்கும். மூன்றாவது வரிசையில் உள்ள கேள்வி இது: பாதுகாக்கப்பட்ட, முக்கியமான உயிரினங்கள் இனப்பெருக்கம் செய்ய, கூடு கட்ட, இரை தேட, தங்க, குளிர்காலம் கழிக்க, இடம்பெயரப் பயன்படுத்தும் பகுதிகள் உண்டா? எதிரே பெயருக்கு ஒரு கட்டம், தூரத்துக்கு ஒரு கட்டம். இந்தத் தொழிலில் என் கைக்கு வந்த படிவங்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருக்கும்.

இடம்பெயர்வு பற்றிச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று வருத்தப்படுகிற நண்பர்களிடம் இந்த வரிசையைக் காட்டுவேன். கேள்வி 2006லிருந்தே இருக்கிறது. பதில் எழுதுகிறவர் வெளியே போய் விசாரித்துவிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த விசாரணையைத்தான் நான் என் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு நாபெட் அமைப்பு அங்கீகாரம் தருகிறது. அதற்குக் காற்று, நீர், ஒலி, நிலவியல் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு நிபுணர் பெயர் கொடுக்க வேண்டும். சூழலியல், பல்லுயிர் என்ற தலைப்பின் கீழ் வருகிற ஆள் நான். வீடும் மேசையும் பெங்களூரு ஜீவனஹள்ளியில். தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே மூச்சில் கேட்கும். சற்றுத் தள்ளி ரயில் ஓடும் சத்தம் நாள் முழுக்க இருக்கும். காட்டுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று வருகிறவர்கள் கேட்பதுண்டு. விடிவதற்கு முன் கிளம்பினால் காலை டீக்கு ஆனேக்கல் தாண்டிவிடலாம். அங்கிருந்து தெற்கே, நகரத்தின் விளிம்பை ஒட்டியே, யானைக் காடு தொடங்கிவிடுகிறது.

பன்னேர்கட்டா தேசியப் பூங்காவின் பரப்பு 260.51 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் வடக்கே பெங்களூரை முட்டிக்கொண்டு, தெற்கே மெலிந்து நீண்டு போகிற காடு. அதன் பெருமை பரப்பில் இல்லை, தெற்கு முனையில் இருக்கிறது. அங்கிருந்து காவிரி வனவிலங்கு சரணாலயம், மலை மாதேஸ்வரா மலை, பிலிகிரி ரங்கன் மலை, சத்தியமங்கலம், முதுமலை, பந்திப்பூர் என்று காடு தொட்டுத் தொட்டுப் போகிறது. கிழக்கே தமிழ்நாட்டுப் பக்கம் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள். தமிழ்நாடு அரசு 2014இல் 504.33 சதுர கிலோமீட்டரில் காவிரி வடக்கு சரணாலயத்தையும், 2022 நவம்பரில் 686.406 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயத்தையும் அறிவித்தது. இரண்டாவது அறிவிப்பின் நோக்கமே கர்நாடகத்துக் காவிரி சரணாலயத்தோடு இந்தப் பக்கத்துக் காட்டைச் சேர்ப்பதுதான். தமிழ்நாட்டில் காட்டுயிர் தொடர்பாக அண்மையில் எடுக்கப்பட்ட முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது. தனித் தனித் துண்டுகளாகக் காட்டைக் காப்பாற்றிப் பயனில்லை என்று அரசே ஒப்புக்கொண்ட செயல்.

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறந்து ராகி கதிர் பிடிக்கத் தொடங்கினால் பன்னேர்கட்டாவிலிருந்தும் காவிரிக் காட்டிலிருந்தும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தளிக்கு வரும். நொகனூர், ஊடேதுர்கம், சானமாவு, போடூர்பள்ளம் என்று ஒவ்வொரு காப்புக்காட்டிலும் சில நாள் தங்கி, சூளகிரி வரைக்கும் போகும். தை, மாசியில் திரும்பும். ஓசூர் வட்டாரத்தில் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். 1980களில் இந்தக் காடுகளிலிருந்து கிளம்பிய கூட்டங்கள் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம் வரைக்கும் போய் அங்கேயே தங்கிவிட்டன. அவற்றுக்காகவே பின்னால் கவுண்டின்யா சரணாலயம் உருவானது. அந்தக் காப்புக்காடுகளுக்கு இடையில் இருப்பதெல்லாம் பட்டா நிலம். ராகி, அவரை, தக்காளி, ரோஜாத் தோட்டம், புளியந்தோப்பு, ஏரி. வனத்துறை வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை. வலசை போவது அந்த வெள்ளைக்குள்தான்.

எங்கள் தொழிலின் வழக்கமான முறை அந்த வெள்ளையைப் பார்ப்பதில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெரிய திட்டம் என்றால் அதைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுவோம். அதுதான் ஆய்வுப் பகுதி. பரப்பு 314 சதுர கிலோமீட்டர். உள்ளே எத்தனை வகை மரம், செடி, பறவை, பாலூட்டி என்று பட்டியல் எடுப்போம். வனத்துறை அந்தப் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இருந்தால் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதி, அதற்கு ஒரு தொகை ஒதுக்குவோம். விழிப்புணர்வுப் பலகை, தண்ணீர்த் தொட்டி, மரக்கன்று. இதோடு அத்தியாயம் முடிந்துவிடும். நீலகிரி உயிர்க்கோளப் பகுதியில் ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடரப்பட்ட யானைக் குடும்பங்கள் ஏறக்குறைய 550 முதல் 800 சதுர கிலோமீட்டர் வரை சுற்றின. எங்கள் வட்டம் முழுவதும் சேர்ந்தாலும் ஒரு குடும்பத்தின் நடைக்குப் பற்றாது. வட்டத்துக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கிற முறை, கடந்து போகிறவர்களை எப்படிக் கண்டுபிடிக்கும்?

அடுத்தது பருவம். மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்துத் தரவு போதும் என்பது விதி. மூன்று மாதம். எந்த மூன்று மாதம் என்பதை யானையோ வலசைப் பறவையோ முடிவு செய்வதில்லை, ஒப்பந்தம் கையெழுத்தான தேதி முடிவு செய்கிறது. மார்ச்சில் தொடங்கி மே மாதம் முடித்த ஆய்வில் தளிப் பக்கத்து வயல்வெளியில் யானை தென்படாது. காட்டு முயல், நரி, மயில், கீரி எழுதலாம். அந்த அறிக்கையில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் அந்த நிலத்தின் மிக முக்கியமான உண்மை அதில் இல்லை.

அதனால் என் வேலை முறையை வேறு இடத்திலிருந்து தொடங்குவேன். முதல் நாள் காட்டுக்குப் போவதில்லை, ரேஞ்ச் அலுவலகத்துக்குப் போவேன். அங்கே பயிர்ச்சேத இழப்பீட்டு விண்ணப்பங்கள் இருக்கும். எந்தக் கிராமம், என்ன பயிர், எந்தத் தேதி, எந்த விலங்கு. விவசாயி கொடுத்து, வனவர் நேரில் பார்த்துச் சான்று எழுதியது. ஊர்ப் பெயரையும் தேதியையும் எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனால், சில ஆண்டுகளின் பதிவிலேயே ஒரு கோடு தானாக எழும்பி நிற்கும். கார்த்திகை முதல் வாரம் இந்த ஊர், அடுத்த வாரம் அந்த ஊர், மார்கழியில் ஏரிக்கு அப்பால். எந்தக் கேமராவும் இவ்வளவு பரப்பில், இவ்வளவு காலத்துக்கு, இவ்வளவு நம்பகமாக வேலை செய்யாது. நஷ்டப்பட்டவர்கள் எழுதிக் கொடுத்த வரைபடம் அது.

பிறகு ஓடைகள். சாலைக்கு அடியில் போகும் மதகுகளைக் குனிந்து பார்க்க வேண்டும். ஈர மணலில் முள்ளம்பன்றி, மரநாய், நரி எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கும். சிறுத்தை கூடச் சில இடங்களில் மதகு வழியாகத்தான் சாலையைக் கடக்கிறது. காய்ந்த யானை லத்தி கிடைத்தால் உடைத்துப் பார்த்து ராகித் தாளா, மூங்கிலா என்று குறிப்பேன். மரத்தில் யானை உரசிய சேறு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் கணக்கு. கடைசியாக மாடு மேய்க்கிறவர்கள். இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், கையில் வரைபடம் இருந்தால்தான் அவர்களிடம் சரியான கேள்வி கேட்க முடியும்.

கர்நாடக எல்லைக்குச் சற்று இப்பால், தமிழ்நாட்டுப் பக்கம், இரண்டு காப்புக்காடுகளுக்கு நடுவில், 50 ஹெக்டேருக்கு மேல் ஒரு குடியிருப்புத் திட்டம் வந்தது. என்னைக் கூப்பிட்டபோது மார்ச் மாதத் தரவு ஏற்கெனவே கையில் இருந்தது. அங்கே ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன்.

“ஐயா, இந்தப் பக்கம் யானை வருமா?”

“இப்ப ஏன் சாமி வரும்? இப்ப இங்க என்னா இருக்குது அதுக்கு? கார்த்திகையில வா. ஜவளகிரி காட்டுலேர்ந்து எறங்கும். ஏரியில தண்ணி குடிச்சிட்டு, அந்த ஓடை இருக்குதில்ல, ஓடையோட நடந்து, புளியந்தோப்பு ஓரமா அந்தாண்ட காட்டுல ஏறிடும். விடியறதுக்குள்ள போயிடும்.”

“தோப்பு வழியா போகாம வேற பக்கம் போகுமா?”

“அந்தாண்ட பாறை. இந்தாண்ட ஊரு. வேற எங்க போவும்?”

அவர் கைகாட்டிய ஓடை, திட்ட வரைபடத்தில் ‘மழைநீர் வடிகால்’ என்று குறித்து, இரு பக்கமும் கான்கிரீட் சுவர் போட்டு நேராக்கப்பட்டிருந்தது. புளியந்தோப்பு இருந்த இடத்தில் கிளப் ஹவுஸ். அதைச் சுற்றிப் பத்தடி உயர மதில். இழப்பீட்டுப் பதிவுகளை எடுத்து வந்து வைத்தபோது, ஓடைக்கு மேற்கே உள்ள கிராமமும் கிழக்கே உள்ள கிராமமும் ஒரே வாரத்தில், ஆண்டுக்கு ஆண்டு, விண்ணப்பம் கொடுத்திருந்தன.

திட்டக்காரர் தரப்பில் மேலாளர் நல்ல மனிதர். அவர் கேட்டது நியாயமான கேள்வியும்கூட. “சார், இது பட்டா நிலம். ஃபாரஸ்ட்டுக்கும் நமக்கும் நடுவுல ரோடு இருக்கு. லிஸ்ட்ல இது எலிஃபெண்ட் காரிடார்னு எங்கயும் இல்லை. நீங்களா ஏன் எழுதறீங்க?”

இந்தக் கேள்வி பல வடிவத்தில் திரும்பத் திரும்ப வரும். யானை வழித்தடங்களின் பட்டியல் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. இந்திய வனவிலங்கு அறக்கட்டளை 2005இல் வெளியிட்ட தொகுப்பில் 88 வழித்தடங்கள். 2017 பதிப்பில் 101. மத்திய அமைச்சகத்தின் 2023 அறிக்கையில் 150. தமிழ்நாட்டுக் குழுவின் 2024 வரைவு அறிக்கை இந்த மாநிலத்துக்கு மட்டும் 42 என்றது. 2005இல் பட்டியலில் இல்லாத வழியில் 2005இல் யானை நடக்காமலா இருந்தது? பட்டியல் என்பது அதுவரை ஆராய்ந்து முடித்ததன் கணக்கு. அதில் பெயர் இல்லை என்பதை ஆதாரமாகக் காட்டி மதில் எழுப்ப விட்டால், அடுத்த பதிப்பில் சேர்க்க வழியே இருக்காது.

இதை நான் வாதமாக நிறுத்தவில்லை. வரைபடமாக்கி, பருவம் மாற்றிக் கார்த்திகையில் மறுபடியும் ஆய்வு செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். செய்தோம். மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஓடையைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டது. முடிவில் ஓடை நேராக்கப்படவில்லை. இரு கரையிலும் மதில் உள்ளே தள்ளிப்போனது. கிளப் ஹவுஸ் ஊர்ப் பக்கம் நகர்ந்தது. தோப்பு தோப்பாகவே விடப்பட்டது, அதன் பக்கம் தெருவிளக்குக் கிடையாது. வீடுகள் ஒன்றுகூடக் குறையவில்லை, இடம் மட்டுமே மாறியது. இதைத்தான் நான் திட்டக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நிலம் வாங்கின அன்றே கேட்டால், கட்டட வரைபடம் போடுவதற்கு முன் கேட்டால், பெரும்பாலும் செலவே இல்லாமல் வழி விட முடியும். படிவம் தருகிற அன்றைக்குக் கேட்டால் ஒவ்வோர் அடிக்கும் சண்டைதான்.

அந்தத் தோப்பைத் தாண்டி அடுத்த நிலம் வேறொருவருடையது. சிறிய மனைப்பிரிவு. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டருக்குக் கீழே இருந்தால், மனைப்பிரிவு 50 ஹெக்டேருக்குக் கீழே இருந்தால், சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. அவர் ஓடை வரைக்கும் கம்பி வேலி போட்டுவிட்டார். சட்டப்படி அதில் குற்றம் ஒன்றுமில்லை. நாங்கள் விட்ட வழி அந்த வேலியில் போய் நிற்கிறது. யானை வேலியைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் இறங்கியது; அடுத்த ஆண்டு இழப்பீட்டு விண்ணப்பங்களில் புதிய ஊர்ப் பெயர் ஒன்று சேர்ந்தது.

எங்கள் மதிப்பீட்டு முறையின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு திட்டத்தையும் அது தனியே எடுத்து, இதனால் பாதிப்புக் குறைவு என்று தீர்ப்புச் சொல்கிறது. பாதை அறுவதோ எல்லாத் திட்டங்களும் சேர்ந்து. கல்குவாரிகளுக்கு மட்டும் இதில் ஓரளவு நியாயமான முறை வந்தது. தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகளையும் அனுமதிக்குள் கொண்டுவந்தது. 2016 ஜனவரி அறிவிக்கை, 500 மீட்டருக்குள் அருகருகே இருக்கும் குவாரிகளை ஒரே தொகுப்பாகப் பார்க்கச் சொன்னது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் குவாரிகள் எத்தனை நெருக்கம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்புப் புரியும். குவாரிக்கு முடிந்தது குடியிருப்புக்கு ஏன் முடியாது? ஒரே வழித்தடத்தில் விழும் மனைப்பிரிவுகளை, கிடங்குகளை, சொகுசு விடுதிகளை ஒரு தொகுப்பாக வைத்துப் பார்க்க எந்த விதியும் தடுக்கவில்லை. கேட்கும் விதிதான் இல்லை.

நீளவாக்கில் போகிற வேலைகள் இன்னும் மோசம். நிலத்தை வெட்டுவது அவைதான், படிவத்துக்கு வெளியே நிற்பதும் அவைதான். ரயில் பாதை 2006 அறிவிக்கையின் அட்டவணையிலேயே கிடையாது. மின்கடத்திப் பாதையும் கிடையாது. ஏற்கெனவே உள்ள தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்கு, 2013 திருத்தத்துக்குப் பிறகு, நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்டி, கூடுதல் நிலத்தின் அகலமும் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அனுமதி தேவை. காட்டு நிலமோ சரணாலயமோ குறுக்கே வந்தால் வேறு சட்டங்கள் கேள்வி கேட்கும். வன அனுமதிப் படிவத்தில் யானை வழித்தடமா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். பட்டா நிலத்தில் அந்தப் படிவம் திறப்பதே இல்லை.

2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. 7ஆம் தேதி மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. 18ஆம் தேதி கம்பைநல்லூர் அருகே ஒரு யானை ஏரிக்கரையில் ஏறியது, தாழ்வாகப் போன உயரழுத்தக் கம்பி தலையில் பட்டு அங்கேயே விழுந்தது. வேலி குற்றம், வழக்குப் போடலாம். கம்பியோ முறைப்படி இழுக்கப்பட்டது. ஏரிக்கரை மேல் யானை ஏறினால் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று திட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தால் அது ஒரு கம்பத்தின் உயரப் பிரச்சினைதான். கேட்கும் கடமை எந்த மேசைக்கும் கொடுக்கப்படவில்லை.

கோவை மதுக்கரை, வாளையாறு ரயில் பாதையிலும் பல ஆண்டுகளாக இதே கதை. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. 2024 பிப்ரவரியில் அங்கே செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் தொடங்கிவைக்கப்பட்டன. தண்டவாளத்துக்கு அடியில் கீழ்ப்பாதைகளும் கட்டப்பட்டன. நல்ல வேலை, பாராட்ட வேண்டிய வேலை. முதலிலேயே செய்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலிலேயே செய்ததற்கு உதாரணம், ஓசூர் வழியாகப் போகும் சாலையிலேயே இருக்கிறது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரும் தேசிய நெடுஞ்சாலை 44 மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஓரமாகப் போகிறது. புலிகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போய்வரும் வழி அது. நீதிமன்ற வழக்குகளுக்கும் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் பரிந்துரைகளுக்கும் பிறகு, அந்தப் பகுதியில் விலங்குகள் அடியில் கடக்க ஒன்பது கட்டமைப்புகள் வைத்துச் சாலை போட்டார்கள். மிகப் பெரியது 750 மீட்டர் நீளம். 2019இல் கேமரா வைத்துக் கண்காணித்தபோது 18 வகைக் காட்டு விலங்குகள் அடியில் கடந்தன, புலிகள் உட்பட. அதே 44ஆம் எண் சாலை ஓசூரைத் தாண்டிச் சானமாவுப் பக்கம் வரும்போது, வனத்துறை ஊழியர்கள் இரவில் டார்ச் விளக்கோடு நின்று லாரிகளையும் பஸ்களையும் நிறுத்தி யானைக் கூட்டத்தைக் கடத்திவிடுகிறார்கள். அந்த ஊழியர்கள்மேல் எனக்குள்ள மரியாதை சொல்லி முடியாது. ஒரு சாலையின் வடிவமைப்பு செய்ய வேண்டிய வேலையைச் சில மனிதர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்கிறார்கள்.

கென்யாவில் கென்யா மலைக் காட்டையும் வடக்கே உள்ள சமவெளிக் காட்டையும் இணைக்கும் 14 கிலோமீட்டர் யானைப் பாதையில், நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு சுரங்க வழி 2010இன் கடைசியில் கட்டப்பட்டது. யானை குகை போன்ற இடத்துக்குள் நுழையுமா என்று பலருக்குச் சந்தேகம். சில நாட்களிலேயே நுழைந்தது. பெரிய கட்டடக் கலை ஒன்றுமில்லை அதில். உயரம், அகலம், மறுமுனையில் தெரியும் வெளிச்சம், இரு பக்கமும் வேலி போட்டு வாய்க்கு அழைத்துப்போவது, இவைதான் விஷயம். எங்கே கட்டுவது என்பதைத்தான் யானையிடம் கேட்க வேண்டும்.

பெங்களூரைச் சுற்றி இப்போது துணைநகர வட்டச்சாலை வருகிறது. தொட்டபள்ளாப்பூர், தேவனஹள்ளி, ஹொசகோட்டை, ஆனேக்கல், கனகபுரா, ராமநகரம் என்று போய், நடுவில் ஓசூர்ப் பக்கம் தமிழ்நாட்டையும் தொடுகிறது. பன்னேர்கட்டாப் பகுதியில் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. தரையோடு போடுவதைவிட நிச்சயம் நல்லது. ஆனால் தூண்களுக்கு அடியிலும் ஓரங்களிலும் உள்ள பட்டா நிலத்தில் என்ன வரும் என்பதைச் சாலைத் திட்டம் சொல்லாது. சாலை வந்த பிறகு வரும் கிடங்கும் தாபாவும் மனைப்பிரிவும்தான் வழியை மூடும். பூங்காவைச் சுற்றிய சூழல் கூருணர்வு மண்டலத்தை 2016 வரைவில் 268.96 சதுர கிலோமீட்டர் என்று வைத்துவிட்டு, 2020 மார்ச் இறுதி அறிவிக்கையில் 168.84ஆகக் குறைத்தார்கள். குறைந்த நூறு சதுர கிலோமீட்டரில் பெரும் பகுதி வயலும் தோப்பும் ஏரியும்தான். நகரத்துக்கு இடம் வேண்டும், எனக்கும் தெரியும். எந்த நூறு என்று யானைப் பாதையை வைத்து முடிவு செய்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

சீகூர் விவகாரத்தில் நீதிமன்றம் இந்தக் கோணத்தை முழுதாக ஏற்றது. நீலகிரி மலைக்கும் மோயாற்றுப் பள்ளத்துக்கும் இடையில் குறுகிப்போன பீடபூமியை யானை வழித்தடமாகத் தமிழ்நாடு அரசு 2010 ஆகஸ்டில் அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. தனியார் நிலம் என்பது மட்டும் தடுப்புக் காரணம் ஆகாது என்பதே அந்த வழக்கு எங்கள் தொழிலுக்குக் கொடுத்த பலம். அதற்குப் பத்து ஆண்டு பிடித்தது. அந்தப் பத்து ஆண்டும் விடுதி கட்டியவர்களுக்கும் துன்பம், யானைக்கும் துன்பம். விடுதிகள் வருவதற்கு முன்பே வழி எது என்று கேட்கப்பட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

வழி அறுந்தால் என்னதான் ஆகிவிடும், விலங்கு அந்தந்தக் காட்டில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் ஒடிசாவின் சிமிலிபால் கருப்புப் புலிகளைச் சொல்வேன். கோடுகள் தடித்துப் பரவி உடம்பே கருத்துத் தெரியும் புலிகள். எங்கள் பெங்களூரிலேயே உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே அதற்குக் காரணம் என்று காட்டியது. வேறு புலிக் காடுகளோடு தொடர்பு அறுந்து, சின்னக் கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் அந்த மாற்றம் அங்கே பெருகியிருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது அதிசயம். கருப்பு நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத குறைகளும் இதே வழியில்தான் கூடும்.

காட்டைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, நான் குடியிருக்கும் தெருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜீவனஹள்ளியிலும் அதைச் சுற்றிய காக்ஸ் டவுன், குக் டவுன் தெருக்களிலும் இன்னும் பழைய மரங்கள் இருக்கின்றன. ஒரு மரத்தை வெட்ட வேண்டுமென்றால் 1976ஆம் ஆண்டுக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். அதிகாரி மரங்களை எண்ணுவார். இந்த மரம் வெட்டப்பட்டால் இரண்டு பக்கக் கிளைகளின் தொடுப்பு அறுமா என்று எந்தப் படிவமும் கேட்காது. இந்திய அறிவியல் கழக வளாகத்திலும் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலும் தேவாங்கு இன்னும் வாழ்கிறது. அது சாதாரணமாகத் தரையில் இறங்கி ரோட்டைக் கடக்கும் பிராணி அல்ல, பெரும்பாலும் கிளைக்குக் கிளைதான் போகும். நடுவில் ஒரு மரம் போனால் அதன் உலகம் அந்த இடத்தோடு முடிந்தது. வால்பாறை புதுத்தோட்டத்தில் சோலைமந்திகளுக்காகச் சாலைக்கு மேல் கயிற்றுப் பாலம் கட்டினார்கள், குரங்குகளும் பயன்படுத்துகின்றன. பாலம் கட்டுவதைவிடக் கிளையை விட்டுவைப்பது மலிவு. இராஜகால்வாய்களும் அப்படித்தான், ஏரிக்கு ஏரி தண்ணீர் போன வழியில் தவளையும் ஆமையும் மீனும் போய்வந்தன. இப்போது அவற்றைக் கான்கிரீட் பெட்டியாக்கும் திட்டங்கள் வெள்ளத் தடுப்பு என்ற தலைப்பில் வருகின்றன. என் மேசைக்கு வந்தால், கால்வாயின் அடித்தளத்தை மண்ணாகவே விட முடியுமா என்பதை முதல் கேள்வியாக எழுதுகிறேன்.

என்னிடம் வேலை கற்க வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லும் முறை இதுதான். திட்ட நிலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுவதற்கு முன், நான்கு திசையிலும் அடுத்த காடு, அடுத்த ஏரி, அடுத்த ஓடை எது என்று எழுது. ஒவ்வொன்றையும் கோட்டால் இணை. கோடு உன் நிலத்தின் குறுக்கே போனால், அந்தக் கோட்டில் எந்த மாதம் யார் நடக்கிறார்கள் என்று ரேஞ்ச் அலுவலகத்திலும் ஊரிலும் கேள். ஒப்பந்தத்தில் அந்த மாதம் இல்லையென்றால் அந்த மாதத்தைச் சேர்க்கச் சொல். சேர்க்க மறுத்தால், மறுத்தார்கள் என்பதை அறிக்கையில் எழுது. அக்கம்பக்கத்தில் அனுமதி தேவைப்படாத சிறு வேலைகள் என்னென்ன நடக்கின்றன என்பதையும் அதே வரைபடத்தில் போடு. கேட்கவில்லை என்றாலும் போடு. மதிப்பீட்டுக் குழுவில் உட்காருகிறவர்கள் படம் பார்க்கிறார்கள். நூறு பக்கப் பட்டியலைப் புரட்டாதவர்கள்கூட, இரண்டு காடுகளுக்கு நடுவில் இன்னும் ஒரே ஓர் இடைவெளிதான் திறந்திருக்கிறது என்று படத்தில் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

2018லிருந்து அனுமதி விண்ணப்பங்கள் எல்லாம் பரிவேஷ் இணையதளம் வழியாகப் போகின்றன. திட்ட எல்லையை அதில் ஏற்றினால் சரணாலயம் எவ்வளவு தூரம் என்று அதுவே காட்டும் வசதி வந்துவிட்டது. அதே வரைபடத்தின்மேல் பயிர்ச்சேத இழப்பீட்டுப் பதிவுகளையும், ரயிலிலும் மின்சாரத்திலும் யானை இறந்த இடங்களையும், விவசாயிகளின் பெயர் இல்லாமல், ஊரும் மாதமும் மட்டும் போட்டு ஏற்றினால் போதும். புதிதாக ஓர் ஆய்வும் தேவையில்லை, எல்லாம் அரசுப் பதிவேட்டில் இருப்பவை. மூன்றாவது வரிசையில் ‘இல்லை’ என்று எழுதுகிறவர் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டியிருக்கும். நான் பங்கெடுக்கும் ஒவ்வோர் ஆலோசனைக் கூட்டத்திலும் இதை எழுத்தில் கொடுத்து வருகிறேன். ஓசூரில் விமான நிலையம் வரும் என்று 2024இல் சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறார்கள். அதைச் சுற்றி எத்தனை படிவங்கள் நிரப்பப்படும் என்று யோசித்துப் பார்த்தால், இந்த வேலையை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.